ஜாமீன் கிடைத்த பிறகும் சிறையில் இருப்பவரை வெளியே கொண்டுவருவது எப்படி?

ஜாமீன் மனு அனுமதிக்கப்பட்டுவிட்டது என்று வழக்கறிஞர் தொலைபேசியில் சொன்ன அன்றே ஆள் வீடு திரும்பிவிடுவார் என்று குடும்பத்தார் எண்ணிக்கொள்வது இயல்பு. உண்மையில் அந்த உத்தரவோடு பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. உத்தரவில் சொன்ன தொகைக்குப் பத்திரம் எழுதி, அதற்குப் பொறுப்பேற்கும் ஜாமீன்தாரர்களைக் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்ட்ரேட்) முன் நிறுத்தி, அவர்களை நடுவர் ஏற்றுக்கொண்டு, விடுவிப்பு ஆணை சிறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். வசதியுள்ளவருக்கு இது ஒரு நாள் வேலை. சொத்துப் பத்திரமோ வீட்டு வரி ரசீதோ வைத்திருக்கும் இரண்டு பேரைக்கூடத் தெரியாதவருக்கு இது மாதக்கணக்கில் இழுக்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது 75.8 விழுக்காட்டினர், விசாரணைக் கைதிகள். அவர்களில் ஜாமீன் மறுக்கப்பட்டவர்களும் உண்டு, ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்களும் உண்டு. இங்கே சொல்லப்படுபவை இரண்டாம் வகையினருக்காக, அவர்களுடைய குடும்பத்தார் அல்லது உதவ முன்வருபவர்கள் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியவை.

உத்தரவில் உள்ள தொகை

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஜாமீன் உத்தரவுகளில் வழக்கமாகக் காணப்படும் வாசகத்தின் சாரம் இதுதான்: மனுதாரர் 10,000 ரூபாய்க்குத் தாமே ஒரு பத்திரம் எழுதிக்கொடுத்து, அதே தொகைக்கு இரண்டு நபர் ஜாமீனும், சம்பந்தப்பட்ட குற்றவியல் நடுவருக்கு மனநிறைவு ஏற்படும் வகையில் அளித்தால் விடுவிக்கப்படலாம். இதைப் படித்துவிட்டு 30,000 ரூபாய் புரட்ட வட்டிக்கடைக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். ஓட வேண்டியதில்லை. அந்தத் தொகை இன்று கட்ட வேண்டிய பணம் அன்று. குற்றம் சாட்டப்பட்டவர் வாய்தாவுக்கு வராமல் தலைமறைவானால் கட்ட நேரிடும் தொகை. அவரும் இரண்டு ஜாமீன்தாரர்களும் தலைக்கு 10,000 ரூபாய்க்கு எழுத்தில் பொறுப்பேற்கிறார்கள், அவ்வளவுதான். பணத்தை நீதிமன்றத்தில் வைப்பாகக் கட்ட வேண்டும் என்று உத்தரவில் தனியாக, வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டுமே கட்ட வேண்டும்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் நிலைமை வேறு. அங்கே நீதிபதி நிர்ணயித்த தொகையை ரொக்கமாகக் கட்டினால் விடுதலை. முடியாதவர் தனியார் ஜாமீன் முகவருக்கு, பெரும்பாலும் தொகையில் பத்து விழுக்காட்டை, திரும்ப வராத கட்டணமாகக் கொடுத்து வெளியே வருகிறார். இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் ரொக்க ஜாமீனை முற்றிலுமாக ஒழித்தது. நம் நாட்டில் அப்படி உரிமம் பெற்ற தொழில் கிடையாது. இங்கே பணம் செய்யும் வேலையைச் சொத்தும் உறவும் செய்கின்றன. இரண்டும் இல்லாதவர் நிலை அங்கே ரொக்கம் இல்லாதவர் நிலையைவிட மேலானது என்று எனக்குத் தோன்றவில்லை.

உத்தரவை வரி வரியாகப் படிப்பது

உத்தரவின் நகல் கைக்கு வந்தவுடன் சிலவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த நடுவர் மன்றத்தில் ஜாமீன் கொடுக்க வேண்டும், எத்தனை பேர், ஒருவர் இரத்த உறவினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, வைப்புத்தொகை உண்டா, வெளியே வந்த பின் எந்தக் காவல் நிலையத்தில் எந்த நேரத்தில் கையெழுத்திட வேண்டும் என்பவை அவை. முன்ஜாமீன் உத்தரவாக இருந்தால் குறிப்பிட்ட நாட்களுக்குள், பெரும்பாலும் நகல் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள், நடுவர் முன் ஆஜராகி ஜாமீன் கொடுக்க வேண்டும் என்ற கெடு இருக்கும். அது தவறினால் உத்தரவு பயனற்றுப் போகும்.

இன்னொன்றையும் அன்றைக்கே விசாரித்துவிட வேண்டும். சிறையில் இருப்பவர்மீது வேறு வழக்கிலும் ரிமாண்ட் இருக்கிறதா? இருந்தால் இந்த ஜாமீன் மட்டும் அவரை வெளியே கொண்டுவராது. குண்டர் சட்டத்தின் கீழ் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டிருந்தாலும் அப்படியே. அந்த ஆணையைத் தனியாக எதிர்த்தாக வேண்டும்.

ஜாமீன்தாரர் யாராக இருக்கலாம்

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 485-ஆவது பிரிவு, ஜாமீன்தாரர் தகுதியானவரா, போதுமானவரா என்பதைத் தீர்மானிக்க நீதிமன்றம் உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்கலாம், தேவைப்பட்டால் விசாரணை நடத்தலாம் என்கிறது. சொந்த வீடு இருக்க வேண்டும், நிலம் இருக்க வேண்டும், அரசு ஊழியராக இருக்க வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. ஆவணப் பட்டியல் என்பது நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் மாறும் வழக்கம் மட்டுமே. ஒரு நடுவர் ஆதாரும் குடும்ப அட்டையும் வீட்டு வரி ரசீதும் போதும் என்பார். இன்னொருவர் தாசில்தாரின் சொத்து மதிப்புச் சான்று கேட்பார். சிலர் சம்பளச் சான்றையோ வாகனப் பதிவுச் சான்றையோ ஏற்பார்கள். ஆகவே ஆளைத் தேடும் முன்பு, அந்த நீதிமன்றத்தில் என்ன கேட்கிறார்கள் என்று வழக்கறிஞர் மூலம் பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டுவிடுவது அலைச்சலைக் குறைக்கும். சொத்து மதிப்புச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேசைகளைத் தாண்ட வேண்டும். அதற்குப் பிடிக்கும் நாட்கள் எல்லாம் உள்ளே இருப்பவரின் நாட்கள்.

ஜாமீன்தாரர் நேரில் வர வேண்டும். அசல் ஆவணங்களையும் நகல்களையும் கொண்டுவர வேண்டும். பத்திரத்தில் புகைப்படம் ஒட்டி இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும்; அடையாளத்துக்காக ஆதார் அட்டை அல்லது வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலை நடுவர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கூப்பிட்டவுடன் கூண்டில் ஏறி நிற்பவரிடம் நடுவர் கேட்கும் கேள்விகள் எளியவைதான்: இவரை உங்களுக்கு எப்படித் தெரியும், என்ன வழக்கு என்று தெரியுமா, என்ன தொழில் செய்கிறீர்கள், இவர் வராவிட்டால் நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்பது தெரியுமா? நீதிமன்றத்தையே முதன்முறையாகப் பார்க்கும் பெரியவர்கள் இந்தக் கேள்விகளுக்கு முன் வாயடைத்து நின்று, தந்தை பெயரைக்கூட மாற்றிச் சொல்லி, நடுவர் சந்தேகப்பட்டு மறுநாள் வரச் சொல்லும்படி ஆகிவிடுவது உண்டு. வராந்தாவிலேயே ஒருமுறை சொல்லிப் பார்க்க வைத்து அழைத்துச் செல்வது நல்லது. இதற்கு முன் எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதை 486-ஆவது பிரிவின்படி அவர் அறிவிக்க வேண்டும், மறைக்கக் கூடாது.

ஜாமீன்தாரருக்கு உள்ள பொறுப்பை மறைக்காமல் எடுத்துச் சொல்வது உதவி கேட்பவரின் கடமை. குற்றம் சாட்டப்பட்டவர் தலைமறைவானால் 491-ஆவது பிரிவின்படி பத்திரத் தொகையை ஏன் வசூலிக்கக் கூடாது என்று ஜாமீன்தாரருக்கு அறிவிப்பு வரும். காரணம் சொன்னால் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கட்டவும் முடியாமல், வசூலிக்கவும் இயலாமல் போனால் ஆறு மாதம் வரை சிவில் சிறையில் அடைக்கப்படவும் இடமிருக்கிறது. பாதியில் விலக நினைப்பவர் 489-ஆவது பிரிவின்படி மனுச் செய்யலாம். அப்போது நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை வரவழைத்து வேறு ஜாமீன்தாரரைக் கொடுக்கச் சொல்லும். பத்திரம் பறிமுதலாகும் முன்பே ஜாமீன்தாரர் இறந்துவிட்டால் அவருடைய சொத்துக்குப் பொறுப்பு இல்லை.

நீதிமன்ற வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்கும் ஆட்களை ஏற்பாடு செய்து தருவதாகச் சிலர் அணுகுவார்கள். எவ்வளவு அவசரமானாலும் ஒதுக்கிவிட வேண்டும். போலிக் குடும்ப அட்டையும் போலி முத்திரையும் வைத்து நிற்பவர் பிடிபட்டால் அவர்மீது வழக்கு வருவதோடு, ஜாமீனும் போகும். ஏமாற்றி ஜாமீன் பெற்றவர் என்ற பெயர் அடுத்த மனு வரைக்கும் தொடரும். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்தத் தரகர்கள் பிழைப்பதற்குக் காரணமே, ஏழையால் கொடுக்க முடியாத ஆவணத்தை நீதிமன்றங்கள் கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

யார் சிக்கிக்கொள்கிறார்கள்

1978-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மோதி ராம் வழக்கை இங்கே சொல்லாமல் தீராது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனார் அவர். ஜாமீன் வழங்க உச்ச நீதிமன்றமே உத்தரவிட்ட பிறகு, கீழே நடுவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். சகோதரர் முன்வந்தபோது அவரும் அவருடைய சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி மறுத்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இரண்டையும் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம் எழுதிக்கொடுத்தால் போதும் என்று விடுவிக்கச் சொன்னார். ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ ஆந்திரரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பு கேட்டது. அந்தக் கேள்வி இன்னும் பழையதாகவில்லை. செம்மர வழக்குகளில் ஆந்திரத்தில் கைதான ஜவ்வாது மலைத் தொழிலாளர்களின் குடும்பங்களுக்கு அதே நிலை. திருப்பூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கைதாகும் பீகார், ஒடிசா தொழிலாளர்களுக்கு நம் ஊரிலேயே அதே நிலை.

சொந்த ஊரிலேயே கைதானவர்களிலும் ஜாமீன்தாரர் கிடைக்காதவர் பலர். புறம்போக்கில் குடிசை போட்டவருக்குப் பட்டா இல்லை; அவருடைய அண்ணனும் மாமனும் பக்கத்துக் குடிசைக்காரரும் அதே புறம்போக்கில்தான் இருக்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவரிடம் வரி ரசீது இல்லை. பெண்கள் பெயரில் பெரும்பாலும் வீடு இல்லை. கணவனோ புகுந்த வீட்டாரோ எதிர்த்தரப்பாக நிற்கும் வழக்கில் அவர்களுக்கு இரத்த உறவினர் ஜாமீன் என்பது தாய் வீட்டாரின் மனத்தைப் பொறுத்தது. வீட்டை விட்டு விரட்டப்பட்ட திருநங்கைகளுக்கு அதுவும் இல்லை. ஒரே நபர்மீது நான்கைந்து வழக்குகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இரண்டிரண்டு பேரைத் தேட வேண்டியிருக்கும். இந்தக் கடைசிச் சிக்கலில் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது: பல மாநிலங்களில் பதிவான வழக்குகளில் ஜாமீன் பெற்ற ஒருவருக்கு, அந்தந்த மாநிலத்து வழக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஜாமீன்தாரர்களை ஏற்கும்படி உத்தரவிட்டது. மிகையான ஜாமீன் ஜாமீனே அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால்

இங்கேதான் சட்டம் நிறையவே தருகிறது. கேட்காதவருக்குக் கொடுப்பதில்லை என்பதே குறை.

ஜாமீனில் விடத்தக்க குற்றமாக இருந்தால் 478-ஆவது பிரிவு போதும். கைதான நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாதவரை வறியவர் என்றே கொள்ள வேண்டும், ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பத்திரத்தின் பேரில் விடுவிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. எட்டாவது நாள் நடுவர் முன் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு சிறு மனு போடலாம். வறுமைக்குத் தனியாகச் சான்று தேவையில்லை.

ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தால் மூன்று கோரிக்கைகளை ஒரே மனுவில் வைக்கலாம். தொகையைக் குறைக்கக் கோருவது முதலாவது. 484-ஆவது பிரிவு, தொகை அவரவர் சூழ்நிலைக்கு ஏற்பவும் மிகையாகாமலும் இருக்க வேண்டும் என்கிறது, உயர் நீதிமன்றமும் அமர்வு நீதிமன்றமும் அதைக் குறைக்க முடியும். இரண்டு பேர் என்பதை ஒருவராகவோ, ஜாமீன்தாரரே வேண்டாம் என்றோ மாற்றக் கோருவது அடுத்தது. அதுவும் இயலாதென்றால், 490-ஆவது பிரிவின்படி பத்திரத்துக்குப் பதிலாக ஒரு சிறு தொகையை ரொக்கமாக வைக்க அனுமதி கேட்கலாம். ஊரில் யாரையும் தெரியாத வெளிமாநிலத் தொழிலாளிக்கு, சக தொழிலாளர்கள் சேர்த்துத் தரும் சில ஆயிரம் ரூபாய் இப்படிப் பயன்படும். எந்த நீதிமன்றம் நிபந்தனை விதித்ததோ அங்கேயோ அதற்கு மேலுள்ள நீதிமன்றத்திலோதான் மாற்றம் கேட்க வேண்டும். உயர் நீதிமன்றம் விதித்த நிபந்தனையைக் கீழே உள்ள நடுவர் தளர்த்த முடியாது.

மனுவில் என்ன எழுதுவது என்பது முக்கியம். ஏழை என்று ஒரு வரி எழுதினால் நீதிபதிக்கு ஒன்றும் தெரியாது. ஜாமீன் வழங்கப்பட்ட தேதி, அதற்குப் பின் உள்ளே கழித்த நாட்கள், செய்துவந்த வேலை, தினக்கூலி, குடியிருப்பு யாருடையது, எத்தனை ஆண்டுகளாக அந்த ஊரில் இருக்கிறார், வீட்டில் அவரை நம்பியிருப்பவர்கள் யார், யார் யாரிடம் ஜாமீன் கேட்டுப் பார்த்தார்கள், எந்த ஆவணம் இல்லாததால் நின்றுபோனது என்று எழுத வேண்டும். தலைமறைவாக மாட்டார் என்பதற்கு ஊரில் அவருக்கு உள்ள வேர்களே சான்று.

இதோடு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று பிறப்பித்த வழிகாட்டுதல்களையும் மனுவில் சுட்ட வேண்டும். அதன்படி ஜாமீன் உத்தரவின் நகலை நீதிமன்றமே மின்னஞ்சலில் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு அன்றோ மறுநாளோ அனுப்ப வேண்டும். ஏழு நாட்களுக்குள் அவர் வெளியே போகவில்லையென்றால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் சட்டத் தன்னார்வலரையோ சிறைக்கு வரும் வழக்கறிஞரையோ அனுப்பி உதவலாம், கைதியின் பொருளாதார நிலை பற்றி அறிக்கை தயாரித்து நிபந்தனையைத் தளர்த்தும்படி நீதிமன்றத்தில் வைக்கலாம். வெளியே வந்தால் ஜாமீன்தாரரைத் தேடித் தருவேன் என்பவருக்குத் தற்காலிக ஜாமீன் வழங்கவும் அதில் வழி உண்டு. ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் கொடுக்கப்படாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வலியுறுத்துவது விடுதலையைத் தாமதப்படுத்துகிறது, அப்படி நிபந்தனை விதிக்கலாகாது என்றும் அது சொல்கிறது.

இவை தானாக நடக்கும் என்று காத்திருக்கக் கூடாது. எட்டாவது நாளே மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கைதியின் பெயர், சிறை, வழக்கு எண், உத்தரவு தேதி ஆகியவற்றை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் வழங்க வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

வைப்புத்தொகை கட்ட முடியாததால் நிற்பவர்களுக்கு, ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. மாவட்ட ஆட்சியர், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், காவல் கண்காணிப்பாளர், சிறை அதிகாரி, ஒரு நீதிபதி ஆகியோர் கொண்ட குழு இதை முடிவுசெய்கிறது. 2023-இல் வகுத்த வழிகாட்டுதலில் விசாரணைக் கைதிக்கு ஒரு வழக்குக்கு 40,000 ரூபாய் வரை வழங்க அந்தக் குழுவுக்கு அதிகாரம் தரப்பட்டது. ஊழல் தடுப்பு, பணமோசடித் தடுப்பு, போதைப்பொருள், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு ஆகிய சட்டங்களின் கீழ் வரும் வழக்குகளுக்கு இது பொருந்தாது.

குற்றப்பத்திரிகை 60 அல்லது 90 நாட்களில் தாக்கலாகாததால் உரிமையாகக் கிடைக்கும் ஜாமீனில் பெருந்தொகையை வைப்பாகக் கேட்டால் எதிர்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் இப்படி விதிக்கப்பட்ட 8,00,000 ரூபாய் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் நீக்கியது. நீண்ட நாள் உள்ளே இருப்பவருக்கு 479-ஆவது பிரிவும் உண்டு: அந்தக் குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியை, முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவராயின் மூன்றில் ஒரு பங்கை, சிறையில் கழித்தவரை விடுவிக்க அது வழிசெய்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது கிடைக்காது.

விடுவிப்பு ஆணைக்குப் பிறகு

ஜாமீன் ஏற்கப்பட்டவுடன் நடுவர் மன்றத்திலிருந்து விடுவிப்பு ஆணை சிறைக்குச் செல்லும். மாலையில் சிறை அடைக்கப்படும் முன் அது போய்ச் சேராவிட்டால் விடுதலை மறுநாள்தான். ஆகவே ஜாமீன்தாரர்களைக் காலையிலேயே நீதிமன்றத்தில் நிறுத்துவதும், வெள்ளிக்கிழமை மாலைக்குத் தள்ளிப்போடாமல் இருப்பதும் நல்லது. ஆணையில் பெயர், தந்தை பெயர், குற்ற எண், சட்டப் பிரிவுகள் ஆகியவை சிறைப் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று அனுப்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஓர் எழுத்துப் பிழைக்காகத் திருப்பி அனுப்பப்படும் ஆணைகள் உண்டு.

வெளியே வந்தபின் தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அதைக் கூலி வேலைக்காரர் வெகுநாள் தாங்க மாட்டார். அந்த நேரத்துக்குப் பின் சித்தாள் வேலைக்கு யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதற்காகக் கையெழுத்தை விட்டுவிடக் கூடாது. மீறினால் ஜாமீன் ரத்தாகும், ஜாமீன்தாரரும் மாட்டிக்கொள்வார். சில வாரங்கள் தவறாமல் கையெழுத்திட்டு, அதைக் காட்டி, வாரம் ஒருமுறை என்றோ அறவே வேண்டாம் என்றோ நிபந்தனையைத் தளர்த்த மனுச் செய்வதே முறை. ஒரு வாய்தாவுக்கு வர முடியாமல் போனால் அன்றே வழக்கறிஞர் மூலம் காரணம் சொல்லி மனுப் போட வேண்டும். பிடியாணை பிறந்த பின் அதைத் திரும்பப் பெறுவது இரட்டிப்பு வேலை.

ரொக்கமாகவோ நிரந்தர வைப்பாகவோ பணம் கட்டியிருந்தால் அதன் ரசீதை வழக்கு முடியும் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வழக்கு முடிந்ததும் பணம் தானாக வீடு தேடி வராது. தீர்ப்பின் நகலையும் ரசீதையும் இணைத்துத் திரும்பக் கேட்டு மனுச் செய்ய வேண்டும். ஜாமீன்தாரரின் அசல் ஆவணம் ஏதேனும் நீதிமன்றத்தில் இருந்தால் அதையும் அப்போதே கேட்டு வாங்கி, உரியவர் கையில் சேர்த்துவிட வேண்டும்.